ஒரு சுற்று

நோட்டீஸில் ‘செல்வி கவிகா’ என்று அடித்திருந்தார்கள்.
வேனிலிருந்து இறங்கியவர்
ஆறடி, நரைமீசை, பூப்போட்ட சட்டை.
ரோட்டரி செயலாளர் மாலையும் கையுமாக
அவருக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தார்.
இறங்கியது அவர் அக்கா மகள் நொஹேயா,
கக்கத்தில் யுகுலேலே.
“கிட்டாரு குட்டி போட்டிருக்கு” என்றது
முன்வரிசைப் பொடிசு ஒன்று.

நான் பாமணி சவுண்ட் சர்வீஸ், மன்னார்குடி.
காதுகுத்தோ கண்டனக் கூட்டமோ
என் பெட்டி வந்தால்தான் சத்தம்.
இறுக்குவதுதான் என் தொழில்.
கம்பத்தில் குழாயை இறுக்குவேன்,
ஸ்டாண்டை, வயரை,
பாக்கி வைத்த மாப்பிள்ளை வீட்டாரை.
மைக் வீறிடுவதற்கு ஒரு நொடி முன்பே
தோள்பட்டைக்குத் தெரிந்து மேலே ஏறும்.
இருபத்திரண்டு வருஷமாக ஏறியதுதான்.

கவிகா உட்கார்ந்ததும்
முறுக்காணியைப் பின்னோக்கித் திருகினார்.
சுருதி படியிறங்கிப் போயிற்று.
“போச்சு, அந்துருச்சு” என்றார் தவில் அகோரம்,
வாரை இழுத்து இழுத்தே உள்ளங்கை காய்த்தவர்.

அவர்கள் தீவில் இப்படித்தான் வாசிப்பார்களாம்.
ஜெசிந்தா டீச்சர் சொல் தேடினார்.
தளர்வு என்றார்.
“ஊரடங்குத் தளர்வா டீச்சர்?”
தொய்வு என்றார், அது நார்க்கட்டிலுக்கு.
கடைசியில் பாவம்,
“நரம்ப லூசாக்கி வாசிக்கிறதுங்க.”
மண்டபம் வெடித்தது.
கவிகா எதற்கென்று தெரியாமலே
நெஞ்சில் கைவைத்து
“லூசு, லூசு” என்று வணங்கினார்.

மூன்றாவது பாட்டில் கரண்ட் போனது.
ஐப்பசியில் வேறெப்படி.
ஜெனரேட்டருக்கு ஓடிக் கயிற்றைச் சுற்றினேன்.
உள்ளே அவர் நிறுத்தவில்லை.
“அண்ணே, சத்தம் வேணாமே”
என்றது இருட்டில் ஒரு குரல்.
என்னிடம்.
அதுவும் வெடிக்குப் பேர்போன வலங்கைமானில்.

கயிற்றைக் கையில் வைத்தபடி உள்ளே வந்தேன்.
நாற்காலிகள் முன்னால் நகர்ந்திருந்தன.
செல்போன் வெளிச்சத்தில்
அவர் கட்டைவிரல் வரப்பில் நடப்பவன் மாதிரி
ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.
மற்ற விரல்கள் கூட வந்த பிள்ளைகள்,
வாய்க்காலில் இறங்கி, ஏறி, பின்தங்கி,
ஓடிவந்து சேர்ந்துகொண்டன.
அந்தப் பெண் நாலே நரம்பில்
அவற்றுக்குக் குடை பிடித்தாள்.
தகர ஓட்டில் மழை.
எந்தப் பாட்டு எங்கே முடிந்தது என்று
சத்தியமாகத் தெரியாது.

இது ஒரு மலைச்சரிவின் மழையைப் பற்றியது என்றார்.
அங்கே மழைக்கு ஊருக்கு ஊர் பேர் உண்டாம்.
“எங்க ஊர்லயும் வைப்பாங்க,
புயலா வந்தா மட்டும்.”
சொன்னது நான்தான்.
மைக் டெஸ்டிங் தவிர
சபையில் நான் பேசிய முதல் வார்த்தை.
யாரோ “கஜா” என்றார்கள், மெதுவாக.
யாரும் சிரிக்கவில்லை.
அந்தக் கார்த்திகையில் தெருவே வந்து
என் ஜெனரேட்டரில் போனுக்குச் சார்ஜ் போட்டது.
டீச்சர் மொழிபெயர்க்கவில்லை.
கவிகா எங்களைப் பார்த்தார்,
கிட்டாரைப் பார்த்தார்,
இன்னொரு நரம்பையும் கொஞ்சம் இறக்கினார்.

முழு வாடகையும் கொடுத்தார்கள்.
பாதிதான் என் பெட்டியில் வந்தது என்றேன்,
செயலாளர் சட்டைப்பையில் திணித்தார்.

நீடாமங்கலம் கேட் வழக்கம்போல் பூட்டியிருந்தது.
ஒரு கூட்ஸ், அதன் பின்னால் இஞ்சின் மட்டும்,
பிறகு ஒன்றுமில்லை.
வழக்கமாக நான் ஹாரனை அமுக்கிப் பிடிப்பேன்.
இறங்கி, வண்டியின் பின்னால் போய்
தார்ப்பாய்க் கயிற்றைச் சுண்டிப் பார்த்தேன்.
டங்கென்றது, மேல்ஸ்தாயி.
ஒரு சுற்று விட்டேன்.
இன்னொரு முறை சுண்டினேன்.

மன்னார்குடி வரை
ஒரு பெட்டியும் விழவில்லை.