ஒரு விருந்தினர் மட்டும்

ஏப்ரல் முதல் தேதி. ஹெல்சிங்கியில் இன்னும் பனி.
கண்ணாடிக்கு அப்பால் விமான இறக்கைகள்மேல்
ஆரஞ்சு நிறத் திரவத்தைப் பீய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள்.
நான் லவுஞ்ச் வாசலில்:
ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், ஒரு புன்னகை.
மூன்றில் எது என் சொந்தம் என்று
கேட்காதவரை நலம்.

விதிகள் எனக்கு மனப்பாடம்.
பிசினஸ் வகுப்பா, வரலாம், தனியாக.
தங்க அட்டையா, வரலாம், கூட ஒரு விருந்தினர்.
விருந்தினர் அதே விமானத்தில் ஏறுகிறவராக இருக்க வேண்டும்.
புறப்பட மூன்று மணி நேரத்துக்குமேல் இருந்தால்
வெளியே நில்லுங்கள்.
வந்திறங்கியவர்களுக்கு இடமில்லை;
ஊர் சேர்ந்தவருக்கு எதற்குக் காத்திருக்க ஒரு அறை?
இரண்டு வயதுக்குக் கீழே குழந்தை கணக்கில் வராது.
இரண்டு முடிந்த மறுநாள்
அது முழு ஆள்.

எங்கள் மொழியில் விருந்தினருக்கும் அந்நியருக்கும்
ஒரே சொல்தான்.
பச்சை எரிந்தால் ஒரு பொருள்.
சிவப்பு எரிந்தால் மற்றது.

மாலை நாலரைக்கு ஓஸ்மோ ரெய்னிக்கா வந்தார்.
காகித ஆலைகளுக்கு வால்வு விற்கிறவர்.
ஆறு வருடமாக வியாழன் தவறாது:
சால்மன் சூப் இரண்டு கிண்ணம்,
சுவரோரம் ப்ளக் உள்ள நாற்காலி,
கிளம்பும்போது கறுப்பு ரொட்டி இரண்டு துண்டு
காகிதக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பைக்குள்.
நான் பார்க்காததுபோல இருப்பதும்
நான் பார்த்ததை அவர் அறியாததுபோல இருப்பதும்
எந்த விதியிலும் இல்லாத ஏற்பாடு.

சிவப்பு.
இன்னொரு தடவை வைத்தார். சிவப்பு.
"தங்கம் நேற்று நள்ளிரவோடு முடிந்துவிட்டது.
இப்போது நீங்கள் வெள்ளி" என்றேன்.
ஏப்ரல் ஒன்று என்று நினைத்துச் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
அப்புறம் அவரும்.

"ஆலைக்காரர்கள் எல்லாவற்றையும் திரையிலேயே பேசிவிடுகிறார்கள்.
வால்வைக்கூடக் கேமரா முன்னால்
திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்கிறார்கள்."
என்னிடம் சொன்னாரா, ஸ்கேனரிடமா, தெரியவில்லை.

பின்னால் நின்றவள், கெர்ட்டு என்று பயணச்சீட்டில் பெயர்,
முப்பது இருக்காது, தங்கம் புதுசு,
"என் விருந்தினராக வரட்டுமே" என்றாள்.
அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.
அவள் பிரஸ்ஸல்ஸுக்கு. அவர் யோயென்சூவுக்கு.

என் விசைப்பலகையில் ஒரு பொத்தான் உண்டு,
விதியைத் தாண்ட.
ஒரு ஷிப்டுக்கு இரண்டே முறை.
முதலாவதை, நேற்று இரண்டு வயது முடிந்த
ஒரு பையனுக்குச் செலவழித்தேன்;
மணிக்கட்டில் பலூன் நூல் இன்னும் அவிழாமல் இருந்தது.
இன்னொன்றை,
மேசையைத் தட்டிக் கத்திய ஒருவனுக்கு.
கத்தினான், கொடுத்தேன். அவ்வளவுதான்.
ஓஸ்மோ ஒருநாளும் கத்தியதில்லை.

"இருக்கட்டும், ரியிட்டா" என்றார்.
சட்டையில் குத்தியிருக்கும் என் பெயரை
அவர் வாசித்தது இதுதான் முதல் தடவை.
"ஆறு வருடம் உள்ளே உட்கார்ந்து
இந்த விளக்கு மற்றவர்களுக்கு எரிவதைப் பார்த்திருக்கிறேன்.
ஒருமுறைகூடக்
கரண்டியைக் கீழே வைத்ததில்லை."

கெர்ட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.
அதற்குள் அவருடைய பெட்டிச் சக்கரங்கள்
இருபத்திரண்டாம் கேட் பக்கம் திரும்பிவிட்டன.
வரிசை நகர்ந்தது. பச்சை. பச்சை.
ஒருவர் காலணியைக் கழற்றலாமா என்று கேட்டார்.

அந்த நாற்காலி இரவுவரை காலியாகவே கிடந்தது
என்று சொல்ல ஆசைதான்.
ஐந்து நிமிடம்கூட இல்லை,
மதியம் கத்தியவன், விமானம் தாமதமாம்,
அதில் வந்து உட்கார்ந்து போனைச் சொருகினான்.

பத்து மணிக்கு மிச்ச ரொட்டியைக்
கறுப்புப் பையில் கொட்டிக் கட்டினோம், விதிப்படி.
எண்ணிப் பார்க்கவில்லை.
எண்ணியிருந்தால்
இரண்டு துண்டு கூடுதலாக இருந்திருக்கும்.