கிடேரி இல்லை

ஐஸ்பெட்டியில் மீனுக்குக் கீழே
மஞ்சளாக உறைந்து கிடந்தது
போன மாதம் செவலை தந்த சீம்பால்.
ஆரஞ்சு ரசம் வந்த போத்தல், மேலே தேதி.
என் வீட்டுக்காரர் ஒருமுறை
மாம்பழம் என்று எண்ணித் திறந்துவிட்டார்.

இன்று அதற்கு வேலை வந்தது.

மணி இரண்டேகால். மழை விட்டும்
செம்பனை மட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன.
சுட்டிக்கு இது தலையீற்று.
ஈன்று, எழுந்து, திரும்பிப் பார்த்தாள்
இது யாருடையது என்பதுபோல.
மடி தேடி வந்த மூக்கைப்
பின்னங்காலால் தள்ளினாள், இரண்டு தடவை.

கன்றின் குடலில் ஒரு கதவு இருக்கிறதாம்,
இலாகா டாக்டர் ஹஸ்லினா சொன்னது.
பிறந்ததும் விரியத் திறந்திருக்கும்;
மணிக்கு மணி சாத்திக்கொண்டே வரும்.
அதற்குள் சீம்பால் போய்ச் சேர வேண்டும்.
போத்தலோ கல்லாக இருந்தது.
கொதிநீர் ஆகாது. கை பொறுக்கும் சூடு.
வாளிக்குள் அதை உருட்டிக்கொண்டு
குந்தியிருந்தேன். கால் மரத்தது.

வெளிச்சம் பார்த்து வந்தான்
பின்வரிசை குவார்ட்டர்ஸ் ரொஃபிகுல்,
குலை வெட்டுகிறவன்,
வங்காளதேசத்தில் ஏதோ ஆற்றோரத்து ஊர்.
கேட்காமலே சாக்கை எடுத்துத் துடைத்தான்.
லாலான் தண்டை மூக்கில் விட்டுத் தும்மவைத்தான்.
'பாச்சூர்' என்றான். 'கன்று' என்றேன்.
'அனாக் லெம்பு' என்று
இருவருக்கும் பொதுவில் வைத்துக்கொண்டோம்.
தொப்புளை அயோடினில் முக்கும்போது
வாலைத் தூக்கிப் பார்த்தவன்
பேச்சை நிறுத்திக்கொண்டான்.

கிடேரி இல்லை.

கணக்கு எனக்குத் தெரியாததல்ல.
பகலெல்லாம் ஆலைவாசல் தராசில் உட்கார்ந்து
லோரி வரும்போது ஓர் எடை, போகும்போது ஓர் எடை,
கழித்துச் சீட்டுக் கிழிப்பவள்.
நாளைக்கு நாலு லிட்டர், எட்டு வாரம்,
லிட்டர் ஏழு வெள்ளி.
காளைக்கன்றுக்கு ஒரு காம்பு போதும்
என்பார் கீழ்லயத்துத் தேவேந்திரன்;
அவர் கொட்டகையில் விலா எலும்பை எண்ணலாம்.

போத்தலைச் சாய்த்தேன்.
குடித்தது. சத்தத்தோடு குடித்தது.

ஆறாம் நாள் வெள்ளையாய்க் கழிந்தது.
கண் உள்ளே போய்விட்டது.
கழுத்தைக் கிள்ளினால் தோல் அப்படியே நின்றது
இஸ்திரி போடாத சட்டைபோல.
உப்பு, சீனி, கொதித்து ஆறிய தண்ணீர்;
பாலுக்கும் அதற்கும் நடுவே இரண்டு மணி நேரம்.
அன்றைக்குத்தான் மண்டோர் செய்தி அனுப்பினார்:
நாளை மூன்றாம் பிளாக்கில் மருந்தடிப்பு.
மருந்தடித்த அன்று புல் அழகாகத்தான் இருக்கும்.
தேவேந்திரனின் இரண்டு பசுக்கள் அதை நம்பின.
ஆறு உருப்படிக்கும் ஓடைக்கரையில் நேப்பியர் அறுத்து
மோட்டாரில் மூன்று நடை.
தராசுக்கு அரைமணி தாமதம்; கிராணி முறைத்தார்.

ஒன்பதாம் நாள் காலை
வாளியை முட்டிக் கவிழ்த்தது.
என் யூனிபாரம் முழுக்கப் பால்.
திட்டினேன். நன்றாகத் திட்டினேன்,
குரல் கம்மும்வரை.

நெஞ்சைச் சுற்றி நாடா வைத்தால்
நாற்பத்து மூன்று கிலோ.
இன்னும் ஒரு வருடத்தில் பாடாங் செராயிலிருந்து
வியாபாரியின் லோரி வரும்.
போகிற வழியில் என் தராசில்தான் ஏற்றுவார்கள்,
இங்கே வேறு தராசு இல்லை.
ஏறின எடை, காலி எடை.
அந்தச் சீட்டை நான் கிழிப்பேனா,
மாற்று ஆளை உட்காரச் சொல்வேனா, தெரியாது.

ரொஃபிகுல் சைக்கிளை நிறுத்தி
இருக்கிறதா என்கிறான் தினமும்.
இருக்கிறது.
சுட்டி இப்போது அதை நக்குகிறாள்,
முதலிலிருந்தே தன்னுடையதுபோல.
போத்தலைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.
கறுப்பிக்கு மடி இறங்கிவிட்டது.