காது குத்தாத துப்பாக்கி

மீரட்டிலிருந்து பார்சல் ஆபீசுக்கு வந்த
நீளப்பெட்டியில் பதினொன்று.
வைக்கோலை உதறி ஒன்றை எடுத்துக் குழலில் ஊதினேன்.
மூச்சு என் கன்னத்துக்கே திரும்பிற்று.
பற்றுதுளை போடவில்லை.
போட்டால் ஆயுதம், போடாவிட்டால் பொம்மை.
பொம்மைக்குத்தான் லாரியில் இடம்.

"காது குத்தணும் பாய்" என்றேன், கப்பலூர் பட்டறையில்.
ரவூப் பாய் குழலுக்குள் டார்ச் அடித்தார்.
"இழுத்த குழாயா, ஒட்டின குழாயா?"
தெரியாது.
"அடியில மரையா, வெறும் வெல்டிங்கா?"
அதுவும் தெரியாது.
"அப்ப எனக்குக் காது குத்தாதீங்க."

நாங்கள் நடத்துவது நத்தம் கணவாய்ச் சண்டை,
ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தைந்து.
தகட்டில் பொறித்திருப்பதோ அறுபத்திரண்டு.
பிறக்க ஏழு வருஷம் பாக்கியிருக்கும் துப்பாக்கிகள்!
வரலாற்றுத் துறை எமல்டா மேடம் கண்ணில் படுமுன்
அடுப்புக்கரியை நல்லெண்ணெயில் குழைத்து
ஆண்டை மூடினேன்.
மேடம் விரலால் துடைத்துப் படித்தார்.

ஆக, இந்த வருஷமும் வெடிப்பது ஒன்றுதான்:
உரிமத்தோடு வாடகைக்கு வரும் பழையது.
அதன் பக்கவாட்டு நெருப்பைப் பற்றி
வலப்பக்கம் நின்ற ஒச்சப்பனின்
இடப்புருவத்தைக் கேளுங்கள்.
இன்னும் சரியாக முளைக்கவில்லை.
ஆகவே அது வரிசையின் வலக்கோடியில்.
அதற்கப்பால் மணல்வாளி மட்டும்.
இடிகம்பி எல்லாம் என்னிடம்;
குழலில் மறந்த கம்பி ஈட்டியாகப் பாயும்.
குறி, தலைக்கு மேலே ஒரு முழம்.
பார்க்கிறவனுக்கு அது தெரியாது,
சாகிறவனுக்குத் தெரிந்தால் போதும்.

மேலூர்த் திடல். மாலை நாலரை.
மருந்துக்கும் மருந்தில்லாத பதினொன்றும்
சரியாகச் சொடுக்கின.
பன்னிரண்டாவதில் கிண்ணம் மட்டும் பளிச்சென்று எரிந்து
குழல் வாயே திறக்கவில்லை.

"அசையாதே! வாய் மலைப்பக்கம்!" கத்தினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று...
அறுபதுவரை எண்ண வேண்டும், அதுதான் விதி.
கும்பினிப் படை நின்றது.
வளரி ஓங்கிய கைகள் ஓங்கியபடி நின்றன.
எங்கோ ஒரு குழந்தை ஐஸ் கேட்டது.
கூட்டம் இதையும் சரித்திரம் என்று நினைத்துக்கொண்டது.

எமல்டா மேடம் என் காதருகே குனிந்தார்:
"இன்னிக்கு நீங்க காட்டினதுலயே
இது ஒண்ணுதான் அசல்.
அப்பவும் பாதி வெடிச்சிருக்காது."

நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு...

கை வலித்ததோ என்னவோ,
ஒச்சப்பன் வளரியைப் போட்டுவிட்டு
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
யாரும் சுடாமலேயே செத்து விழுந்தான்.
கைதட்டல்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.