பாரக் கணக்கு

முள்ளியாற்றுக்குத் தெற்கே
மோட்டார்கள் ஓய்ந்த பிறகுதான்
வெல்டிங் மிஷினுக்கு வோல்டேஜ் கிடைக்கும்.
எங்கள் மாடி அதனால்
ராத்திரி ராத்திரியாக வளர்ந்தது.

கான்கிரீட் போட்டால் பழைய சுவர் தாங்காது.
அடியில் களிமண்; சித்திரையில் பிளந்து
ஐப்பசியில் உப்பும்.
கனமில்லாமல் கட்டணும் என்றான் உத்திராபதி,
சிங்கப்பூரில் ஒன்பது வருஷம்
கப்பல்களின் வயிற்றுக்குள் படுத்துக்கொண்டு பற்றவைத்தவன்.

களத்துச் சிமெண்டில் சாக்பீஸால்
பதினாலடி விட்டம் ஒன்று வரைந்தான்.
மேலே ஆங்கிள், கீழே ஆங்கிள்,
நடுவே ஓரடி வெறும் காற்று,
காற்றுக்குள் ஏறி இறங்கி ஏறும் கம்பி.
டிராக்டரின் உடைந்த அச்சில் வைத்து
கம்பியை வளைத்தான். கோடு நெடுக
இரும்புத் துண்டுகளை முளையடித்தான்,
முதலாவதைப் போலவே கடைசியும் வர.
இவ்வளவு ஓட்டையா என்றேன்.
ஓட்டைக்கு எடை கிடையாது,
வயரும் குழாயும் அதுவழியே போகும் என்றான்.

எத்தனை விட்டம் என்பதில்தான் சண்டை.
இருபதடி நீளத்துக்கு, ரெண்டடிக்கு ஒன்றாக,
ஒன்பது போதும் அவனுக்கு.
நாம் நாலு பேர், விதைநெல், பீரோ, தையல் மிஷின்.
நான் மளிகை நோட்டில் பின்தாளைக் கிழித்தேன்.
போன தடவை ஜன்னல் வரை தண்ணீர்;
பள்ளிக்கூடத்து மொட்டைமாடிக்கு
இடுப்பளவில் அரைமைல் நடந்த தெரு இது.
அடுத்த தடவை எங்கே வருவார்கள்?

தேன்மொழி, ஏழாம் மாதம், அறுபத்தைந்து.
பேட்டரிக்கடை சாதிக் வீட்டில் ஐந்து பேர்,
உத்தேசமாக இருநூற்று எழுபது.
கட்டிலை விட்டு இறங்காத சிங்காரம், கட்டிலோடு.
ஈரத்துணிக்குத் தனியே போட்டேன்.
தாள் நிறைந்தபோது நாற்பத்தாறு பேர்.

"மேலவீட்டை விட்டுட்டே" என்றான்,
கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
வாய்க்கால் மடைக்காக
நாலு வருஷமாய் எங்களோடு பேசாத வைரக்கண்ணு.
பென்சிலைக் கொஞ்ச நேரம் கடித்தேன்.
வைரக்கண்ணு, தொண்ணூறு.
ஒன்பது, பதிமூன்று ஆனது.
கூடுதல் நாலுக்கு என் தோடு போனது.

ரெண்டு விட்டம் முடிந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்
செங்கல் தூண்களில் ஏற்றி, மேலே பலகை அடித்தோம்.
அடியில் நூல் கட்டி
இறக்கத்தைத் தீக்குச்சிகளால் அளந்தோம்.
அறுபது கிலோ மூட்டை, ஒவ்வொன்றாக.
பத்தில் ஒரு குச்சி.
பதினாலில் ரெண்டு.
பதினேழாவது தோளைவிட்டு இறங்கியதும்
ஏதோ முனகியது.
டார்ச் அடித்து ஒவ்வொரு பற்றாகத் தடவினோம்,
விரிசல் எங்கே என்று.

"பத்து இல்லை. ஓரத்திலேர்ந்து ரெண்டாவது கம்பி.
வில்லா வளையுது."

வேலிக்கு அப்பாலிருந்து.
அந்தக் குரலின் கரகரப்பு அப்படியே இருந்தது.

சரிதான்.
முதல் கம்பியை பாரம் இழுக்கிறது;
இழுத்தால் ஒல்லி இரும்பும் விட்டுக்கொடுக்காது.
ரெண்டாவதைத் தள்ளுகிறது;
தள்ளினால் ஒல்லி பக்கவாட்டில் ஒதுங்கப் பார்க்கும்.
மூட்டைகளை இறக்கி, மோட்டார்கள் ஓயக் காத்திருந்து,
அந்த இடங்களில் மட்டும் ஆங்கிள் வைத்தான்.
இறக்கவும் திரும்ப ஏற்றவும் வைரக்கண்ணு தோள் கொடுத்தார்,
என் பக்கம் திரும்பாமல்.

இருபது மூட்டை.
மூன்று குச்சி.
முனகல் இல்லை.

ஸ்பேனர் பெட்டிமேல் பட்டியல் விரிந்து கிடப்பதை
அப்போதுதான் பார்த்தேன்.
மடிப்பதற்குள் அவர் கையில் இருந்தது.

"எண்பத்தாறு" என்றார்.
"போன மாசம் ஆஸ்பத்திரியில நிறுத்தாங்க."

டார்ச்சைக் கிட்டே பிடித்து
மேலிருந்து கீழாக இன்னொரு தடவை படித்தார்.

"கன்னுக்குட்டிய எழுதலையே."

எத்தனை கிலோ என்று கேட்டேன்.