கரும்பலகையின் கீழ்ப்பாதி

மேல்பாதி திணைக்களத்துக்கு.
'பொடி மெனிக்கே ஐம்பது நிமிடம் தாமதம்'
மூன்று மொழியிலும் எழுதி, நேரம் குறித்து,
சோக்கட்டியைக் கீழே வைக்க வேண்டும்.
நான் வைப்பதில்லை.

கீழ்ப்பாதியை யாரும் எனக்குத் தரவில்லை.
ஹட்டன் ஸ்டேஷனில் காத்திருக்கிறவர்கள்
எதையாவது வாசிக்கட்டுமே என்று
தினம் ஒன்று எழுதுகிறேன்
லயனல் ஞானமுத்துவைப் பற்றி.

யாரென்று கேட்பவர்களுக்கு:
ஏழாம் கட்டை என்ற குழுவில் கீபோட் வாசித்தவர்.
அது மைல்கல்லா, சுருதியா என்று கேட்டால்
'பஸ் நிற்கிற இடம்' என்பாராம்.
இரண்டு இசைத்தட்டு, இரண்டும் விற்கவில்லை.
அதில் ஒரு பாட்டு இருபத்து மூன்று நிமிடம்:
இங்கே ஏறும்போது கேட்கத் தொடங்கினால்
கொட்டகலை தாண்டியும்
பாடகர் வாய் திறக்கமாட்டார்.

*

திங்கட்கிழமை எழுதியது:
அவர் பழகிய ஆர்மோனியத்தில்
ஒரு கறுப்புக் கட்டை அழுந்தாது.
முதல் இசைத்தட்டு முழுக்கத் தேடிப் பாருங்கள்,
அந்தச் சுரம் கிடைக்காது.

செவ்வாய்:
அவர்கள் லயத்துக்குப் பின்னால் ஸ்டோர்.
கொழுந்து அரைக்கும் உருளையில் ஒரு பல் உடைந்து
எட்டுக்குத் திரும்ப வேண்டியது
ஏழுக்கே திரும்பிவிடும், இரவெல்லாம்.
அதில் தூங்கி வளர்ந்த பிள்ளைக்கு
பிறகு கேட்ட எட்டெல்லாம்
ஒன்று கூடிப்போனதாகவே பட்டது.
(பல்லை மாற்றிய அன்று
காம்பராவில் அவர் ஒருவருக்குத்தான் தூக்கமில்லை.)

கந்தப்பளை மரக்கறிக்காரர் வாசித்துவிட்டு
'சம்பளம் எவ்வளவு வாங்கினாராம்?' என்றார்.
கறுப்புச் சப்பாத்துப் பையன் ஒருவன்
'செத்துட்டாரா சேர்?'
தெரியாது தம்பி.
தெரிந்தாலும் அதைப் பலகையில் எழுதமாட்டேன்.

*

புதன்கிழமை, மழை.
உறையின் பின்பக்கத்தில் உள்ளதை அப்படியே எடுத்தேன்:
சிங்கமலைச் சுரங்கத்துக்குள்
நள்ளிரவுச் சரக்கு ரயில் போனபின் பதிந்த பகுதியில்
பேஸ் கிட்டாரும் லயனலே வாசித்தார்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன்,
என் எழுத்துக்குக் கீழே
வலப்பக்கம் சாய்ந்த வேறொரு எழுத்து:

'இல்லை. நான் வாசித்தேன்.
டின்மீன் திறந்ததில் விரலில் வெட்டு,
பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வாசித்தேன்.
ம. எஸ்தர்.'

சோக்கட்டி இரண்டாக உடைந்து கிடந்தது.
போர்ட்டர் குலதுங்கவைக் கேட்டேன்.
ஒரு அம்மா, பச்சைக் குடை,
பதுளைப் பக்க ரயில்.
வேறு ஒன்றும் அவன் பார்க்கவில்லை,
பார்சல் ஏற்றிக்கொண்டிருந்தானாம்.

அன்றிரவு குவாட்டர்ஸில்
காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
முப்பத்தொரு வருடமாகக் கேட்கிற தட்டு.
பதினாலாவது நிமிடத்தில்
கம்பி விடுபடும் முன் ஒரு சின்ன இழுவை,
ஒட்டிப் பிரிகிற மாதிரி ஒரு சத்தம்.
ஊசியில் தூசியென்று
எத்தனை தரம் ஊதியிருப்பேன்.

*

வியாழன் காலை கீழ்ப்பாதியில்
'திருத்தம்' என்று தொடங்கி
பாதியில் அழித்தேன்.
திருத்தம் என்றால் இரண்டு வரியில் முடிந்துவிடும்.

பிறகு இப்படி எழுதினேன்:
ம. எஸ்தர். பேஸ் கிட்டார்.
எந்தத் தோட்டம்? முதல் கிட்டார் யார் கொடுத்தது?
எந்த விரல்?
தெரிந்தவர்கள் எழுதுங்கள்.
சோக்கட்டி தீ வாளிக்குள் இருக்கிறது,
தண்ணீர் ஊற்றவில்லை.

மேல்பாதியில் எழுத ஒன்றுமே இல்லை.
வருடத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ நடப்பதுபோல்
இன்று பார்த்து
ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது.
எல்லோரும் ஓடி ஏறினார்கள்,
பலகைப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

பச்சைக் கொடியைக் கொஞ்சம்
தாமதமாகத்தான் காட்டினேன்.