எட்டு பாயிண்ட்

எட்டு பாயிண்ட், எழுநூறு ரூபாய்.
தனுஷ்கோடிக்குத் தனி ரேட்.
லேமினேட் போட்ட அட்டை
முன்கண்ணாடி ஓரம் தொங்குகிறது.
வில்லூண்டியை 'விலூண்டி' என்று
அச்சகத்தில் அடித்துவிட்டார்கள்.
திருத்தவில்லை. யாரும் படிப்பதில்லை.

இன்றைக்குச் சேலத்துக் குடும்பம், ஐந்து பேர்.
இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவந்த ஈரம்
சீட்டில் இன்னும் காயவில்லை.
மிதக்கும் கல்லைத் தொட்டிக்குள்
அமுக்கி அமுக்கிப் பார்த்தான் பையன்.
"இது பவளப்பாறைதானே அங்கிள்?"
அவன் அம்மா முறைத்தாள்.
நான் வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினேன்.
பத்து. சரி.

வில்லூண்டியில் கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர்.
பெரியவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு
"எங்க போர்வெல்லுக்கு இது தேவலை" என்றார்.

கோதண்டராமர் கோயில் தாண்டினால்
ரோட்டுக்கு இருபுறமும் கடல்.
அந்த இடத்தில் எல்லோரும்
ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்.
சொல்லி முடிக்கட்டும் என்று
வண்டியை மெதுவாக்குவேன்.

இடிந்த சர்ச்சுக்குள் நின்று
சின்னவள் அண்ணாந்தாள்.
"கூரை எங்க?"
"புயல் எடுத்துட்டுப் போயிருச்சு பாப்பா."
"திருப்பித் தரலையா?"

அரிச்சல்முனையில் ரோடு முடிகிறது.
இடது பக்கம் பெண்கடல், சத்தமே இல்லை.
வலது பக்கம் ஆண்கடல்
கல்லைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறது.
தூணுக்குக் கீழே மாங்காய்க்கீற்று, மிளகாய்த்தூள்.
செல்ஃபிக்கு வாகாய்க் காற்று முடியை ஒதுக்கவில்லை.

அப்போதுதான் போன்கள் மணியடித்தன,
ஒன்றன்பின் ஒன்றாக.
'இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்.'
"பாஸ்போர்ட் இல்லாமலே வந்துட்டோம்டா!"
பையன் குதித்தான்.
பெரியவர்கூடச் சிரித்தார்.
நானும் சிரித்தேன்,
சிரிப்பு ரேட்டில் அடக்கம்.

என் தம்பி எமரிட்டையும்
இந்தத் தண்ணீரில்தான் வரவேற்றார்கள்.
விடிகிற நேரம்,
முகத்தில் டார்ச்,
கையைத் தலைக்குமேல் தூக்கச் சொல்லி.
வலையில் அன்றைக்கு நண்டும் பாசியும்தான் என்று
கூடப்போய்த் திரும்பிவந்த கென்னடி சொன்னான்.
வியாழக்கிழமை நாலாவது வாய்தா.
படகு ஏதோ ஒரு துறையில்
தண்ணீர் குடித்துக் கிடக்கிறதாம்.

என் போனிலும் வந்திருந்தது அதே வரவேற்பு.
இந்த மாதத்தில் பதினோராவது.
அழிப்பதில்லை.

"அண்ணே, இங்கேருந்து இலங்கை தெரியுமா?"
"ராத்திரி வெளிச்சம் தெரியும் சார்."
"போட்ல போனா?"
"ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்."
"திரும்பி வர?"

ஆறு மணிக்குள் செக்போஸ்ட் தாண்டணும் சார்,
ஏறுங்க ஏறுங்க என்று
ஹாரனை அழுத்தினேன்.

மணல் உதறி,
சங்குமாலை ஒன்றை விலைபேசி வாங்காமல் விட்டு,
ஏறிக்கொண்டார்கள்.

கண்ணாடியில் எண்ணினேன்.
நாலு.

இறங்கிப் போய்ப் பார்த்தால்
ஆண்கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள் சின்னவள்,
அலையில் போன ஒற்றைச் செருப்பை
திருப்பிக் கேட்டுக்கொண்டு,
தவறான கடலிடம்.