பின்னாலிருந்து சொல்லுங்கள்

பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில்
எனக்குத் தந்திருப்பது ஒரு ஸ்டூல், ஒரு மேஜை,
மேஜையின் நொண்டிக் காலுக்கு
மடித்துக் கொடுத்த பழைய ஓ.பி. சீட்டு.
இரண்டாம் வருஷ மாணவி.
ஸ்டாப்வாட்ச் செல்போனில்தான்.

பெயர் பெத்தணசாமி. வயது நாற்பத்தேழு.
தொழில் என்ற இடத்தில் கண்டக்டர் என்று எழுதினேன்.
'இருந்தேன்னு போடும்மா.'
தூக்கமில்லை, நாலு மாசம்.
மனசு எப்படி இருக்கு?
'பஞ்சரானா வண்டி நிக்கும்.
இது காத்து எறங்கிக்கிட்டே ஓடுது.'
இதை எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது?

நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழிங்கண்ணே.
'ஏழு ரூபா டிக்கெட்டுக்கு நூறு ரூபா நீட்டுனா
எவன்ம்மா சில்லறை தருவான்?'
முதல் தடவையாகச் சிரித்தார். நானும்.
சோதிப்பவர் சிரிக்கலாமா என்று கையேட்டில் இல்லை,
ஜெரால்டின் மேடம் முகத்தில் இருந்தது.

அடுத்தது எண்கள்.
ஐந்து, எட்டு, இரண்டு. பின்னாலிருந்து சொல்லுங்கள்.
'அஞ்சு' என்றவர் நின்றுவிட்டார்.
ஆறு, ஒன்பது. இரண்டே எண்தான்.
சுவரில் ஒரு பல்லி. அதையே பார்த்தார்.
பூஜ்ஜியம் எழுதினேன்.

பிறகு, செய்யக் கூடாததைச் செய்தேன்.
பெரியாரிலிருந்து திருமங்கலம் போற வண்டி.
ஸ்டாப்பைக் கடைசியிலிருந்து சொல்லுங்கண்ணே.

முதுகு நிமிர்ந்தது.
இல்லாத பையை இடது தோளில் ஏற்றிக்கொண்டார்.
திருமங்கலம். கப்பலூர். தனக்கன்குளம்.
திருநகர். பரங்குன்றம்.

உதடு குவிந்தது.
நிறுத்தச் சொல்லும் ஒற்றை விசில், வெறும் காற்றாய்.
போகச் சொல்லும் இரட்டை விசில்
வரவேயில்லை.
பதினாலு விநாடி.

'பழங்காநத்தம்' என்றார். 'பெரியார்.'

பசுமலை எங்கேண்ணே என்று நான் கேட்கவில்லை.
கேட்கத்தானே இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.
தாளின் ஓரத்தில், அழிக்க முடிகிற பென்சிலால்,
ஊர்ப் பெயரை மட்டும் எழுதினேன்.

எழுந்து போகையில், 'பாஸாம்மா?'
இதுல பாஸ் ஃபெயில் கிடையாதுண்ணே.
முதல் செமஸ்டரில் மனப்பாடம் செய்த வரி.
'செக்கிங் இன்ஸ்பெக்டரும்
இப்படித்தாம்மா சொல்லிக்கிட்டே வருவாரு.'

சாயங்காலம் அதே தடத்தில் ஏறினேன்.
விடுதி திருநகரில்.
பெண்களுக்கு இலவசம் என்றாலும்
சீட்டு ஒன்று தருகிறார்கள்.
கட்டணம் இருக்கும் இடத்தில் சைபர்.

பசுமலையில் யாரும் இறங்கவில்லை.
ஆனாலும் வண்டி நின்றது.
மீசை சரியாக முளைக்காத கண்டக்டர்
பின்படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு
இரண்டு முறை ஊதினார்.

வியர்வையில் மை கரைந்த அந்தச் சைபரை
உள்ளங்கையில் வைத்துக்கொண்டுதான்
திருநகர் போய்ச் சேர்ந்தேன்.